குதிரை ஏறிய முள்ளம்பன்றி

மூங்கில் காட்டுக் கல்லூரியில் அந்த வருடம் ஒரு முள்ளம்பன்றி புதிதாகச் சேர்ந்தான். அவன் பெயர் சிலும்பன்.

வகுப்பில் அவனுக்கு ஒரு பெஞ்சு முழுசாகக் கிடைத்தது. கொடுத்து வைத்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை, அவ்வளவுதான். முயல் வந்தது, முள்ளைப் பார்த்தது, "பரவால்லப்பா, நான் நின்னுக்கிறேன்" என்றது. முதுகில் அத்தனை பெரிய ஓடு வைத்திருக்கும் ஆமைகூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்பெஞ்சுக்குப் போய்விட்டது.

சிலும்பனுக்கு அது வலித்தது. வெளியே முள்ளாக இருந்தால் உள்ளேயும் முள்ளாகவா இருக்கும்?

அந்தக் கல்லூரியில் குதிரையேற்ற அணி ஒன்று இருந்தது. குளத்தை ஒட்டிய புல்வெளியில் ஒரு குதிரைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. குதிரைகளுக்கு உண்ணி பிடுங்க ஆள் வேண்டும். மாணவர்களுக்கு ஏறிப் போக முதுகு வேண்டும். இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி எப்போதோ ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தன. யாருக்கும் நஷ்டமில்லாமல் அது நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை சிலும்பன் அந்தப் பக்கமாகப் போனான். ஒரு குதிரையின் கழுத்தில் அணில் ஒன்று ஒய்யாரமாகப் படுத்திருந்தது. குதிரையின் காதில் ஏதோ சொன்னது. குதிரை பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

சிலும்பன் அங்கேயே நின்றுவிட்டான். ஓர் உயிர் இன்னோர் உயிரை ஒட்டிக்கொண்டு அப்படிச் சிரிப்பதை அவன் அதுவரை அருகில் பார்த்ததில்லை. நாமும் அந்த அணியில் சேர வேண்டும், எப்படியாவது சேர்ந்தே தீர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

அணியின் கேப்டன் ஒரு கருமந்தி. நெடுவாலி என்று பெயர். சிலும்பன் அவள் முன்னால் போய் நின்றான்.

"அக்கா, நான் டீம்ல சேரணும்!"

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஐயோ, குதிரை என்னடா பாவம் பண்ணிச்சு?" என்று கத்தியது அணில்.

"சிரிப்பை நிறுத்துங்க!" என்றாள் நெடுவாலி. "யார் வேணா வரலாம், அதான் நம்ம வழக்கம். ஆனா தம்பி, இந்த வருஷம் ஒரே ஒரு இடம்தான் காலி. உனக்கு முன்னாடியே ஒருத்தன் வந்து நிக்கிறான்."

அந்த ஒருத்தன் வெடுக்கன் என்கிற கீரி. அவனும் முதல் வருடம்தான். பாம்பைக் கிழிக்கிற பரம்பரையில் பிறந்தவன். யாரும் கேட்காமலேயே அதைச் சொல்லிவிடுவான். 'உப்பு இருக்கா?' என்று கேட்டால்கூட, 'எங்க தாத்தா ஒரு தடவை ஒரு நாகத்தை...' என்றுதான் ஆரம்பிப்பான்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க," என்றாள் நெடுவாலி. "மொதல்ல கொஞ்ச நாள் லாயம் கூட்டணும், உண்ணி பிடுங்கணும். அப்புறம் தேர்வு. பானைக்குள்ள கைய விட்டு ஒரு கொட்டை எடுக்கணும். புளியங்கொட்டை வந்தா செவலை. வேப்பங்கொட்டை வந்தா கரியன். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கொட்டை இருக்கு. எது வருதோ அதுலதான் ஏறணும். அதுவரைக்கும் எந்தக் குதிரை மேலயும் ஏறக் கூடாது."

"பழகிட்டு ஏறினா நல்லதுதானேக்கா?" என்றான் சிலும்பன்.

"போட்டிக்கு மலைக்கு அந்தப் பக்கம் போறோம். நம்ம குதிரையத் தோள்ல தூக்கிட்டா போக முடியும்? அவங்க குடுக்கிற குதிரைலதான் ஏறணும். பழகின குதிரைய எவனும் ஓட்டுவான்டா!"

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏறுவதற்கு முன் குதிரையின் முகத்துக்கு நேராக நின்று, தன்னைப் பற்றி அதற்குத் தெரிய வேண்டியதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்சொல் என்று பெயர். அதைக் கேட்டுவிட்டுக் குதிரை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். யாரும் குறுக்கே பேச முடியாது. ஓட்டத்தில் குதிரைக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் ஏறியவன் அணிக்கு வெளியே.

நல்ல வழக்கம்தான். ஆனால் நாளாவட்டத்தில் முன்சொல் வெறும் முகஸ்துதியாகிவிட்டது. "அக்கா, உங்க பிடரி என்ன அழகு!" என்பார்கள். "அண்ணே, உங்க குளம்படி கேட்டாலே புலி ஓடிடும்!" என்பார்கள். எந்தக் குதிரைக்கு அது கசக்கும்? தலையை ஆட்டி ஏற்றிக்கொள்ளும்.

சிலும்பன் லாயத்துக்குப் போக ஆரம்பித்தான். உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து, அதன் முனையால் உண்ணியை நெம்பி எடுத்தான். குதிரைகளுக்கு அது சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றன.

எல்லாம் நன்றாகத்தான் போனது, செவலை தும்முகிற வரைக்கும். அவள் ஒரு செந்நிறப் பெண்குதிரை, கொஞ்சம் சிடுசிடுப்பு. அவள் திடீரென்று "ஹச்!" என்று தும்மியதும் சிலும்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முள்ளெல்லாம் எழும்பியது. வாலில் இருந்த முட்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று சத்தம் போடத் தொடங்குவதற்குள் ஒரே ஓட்டமாக ஓடி மூங்கில் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அடங்கிய பிறகுதான் வெளியே வந்தான்.

"எங்கடா போனே?" என்றாள் செவலை.

"தண்ணி குடிக்கப் போனேன்க்கா."

அவனுக்கு எல்லாவற்றுக்கும் பயம். இலை விழுந்தால் பயம், இடி இடித்தால் பயம். பயந்தால் முள் எழும்பும். அது அவன் கையில் இல்லை. ஆனால் வெளியே சொன்னால் எந்தக் குதிரை ஏற்றிக்கொள்ளும்? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெடுக்கன் பார்த்துவிட்டான். கீரிக் கண்ணுக்கு எது தப்பும்?

அந்த வெடுக்கனிடமும் ஒரு சங்கதி இருந்தது. அவனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். ஹாஸ்டலுக்கும் மைதானத்துக்கும் நடுவே முழங்கால் அளவு ஓடை ஒன்று ஓடியது. எல்லோரும் அதில் இறங்கி வருவார்கள். அவன் மட்டும் தோப்பைச் சுற்றிக்கொண்டு பாலத்தின் வழியாக வருவான். "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பான். பாம்பைக் கிழிக்கிற பரம்பரைக்காரன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

தேர்வுக்கு முந்தின நாள் வெடுக்கன் சிலும்பனிடம் வந்தான். தேன் ஒழுகப் பேசினான்.

"நண்பா, உன் நிலைமைய நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. நாளைக்கு முள் எழும்பிட்டா என்ன பண்ணுவே?"

சிலும்பன் சுற்றும் முற்றும் பார்த்தான். "உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு யோசனை சொல்றேன், கேளு. குளத்துக் களிமண்ண எடுத்து முதுகு பூரா பூசு. வெயில்ல காயவை. காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். முள் எழும்பவே எழும்பாது!"

"நெசமாவா?"

"நெசமாத்தான்! இன்னொண்ணு. முன்சொல்லுல பயம்கிற வார்த்தையே வரக் கூடாது. எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லு. குதிரைக்கு அதான் பிடிக்கும்."

சிலும்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லூரிக்கு வந்து இத்தனை நாளில் 'நண்பா' என்று அவனைக் கூப்பிட்டது அந்த ஒரு வாய்தான். அந்த வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மைதானத்தில் நல்ல கூட்டம். சிலும்பன் களிமண் பூசிக் காய்ந்து, சுட்டெடுத்த பானை போல வந்து நின்றான்.

"இது என்னடா கோலம்?" என்றாள் நெடுவாலி.

"குதிரைக்குக் குத்தக் கூடாதுல்லக்கா, அதுக்குத்தான்."

பதில் சரியாகத்தான் இருந்தது. நெடுவாலி பானையை நீட்டினாள். சிலும்பன் கையை விட்டான். புளியங்கொட்டை வந்தது. வெடுக்கன் கையை விட்டான். வேப்பங்கொட்டை வந்தது.

சிலும்பன் செவலையின் முன்னால் போய் நின்றான்.

"ம், சொல்லு," என்றாள் செவலை, வாயில் புல்லோடு.

"எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுக்கா!"

"எதுக்குமே பயப்பட மாட்டியா?"

"மாட்டேன்!"

"பரவால்லையே. எனக்கெல்லாம் நெறைய பயம் இருக்கு. சரி, ஏறு."

கோரைப்பாயை மடித்துப் போட்ட முதுகில் சிலும்பன் ஏறினான். அவன் வயிற்றில் முள் கிடையாது. அந்த வயிற்றுக்கு அடியில் செவலையின் முதுகு வெதுவெதுவென்று இருந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அணில் சிரித்ததன் காரணம் அவனுக்குப் புரிந்தது.

ஓடையைக் கடந்து, குளத்தைச் சுற்றி, விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். ஓடையை நன்றாகக் கடந்தார்கள். குளக்கரையில் செவலை ஓட்டம் பிடித்தாள். கூட்டம் வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

மரத்துக்குப் பக்கத்தில் புதரிலிருந்து ஒரு கௌதாரி படபடவென்று கிளம்பியது.

சிலும்பனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முள்ளெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. களிமண் என்ன செய்யும்? பட்பட்டென்று வெடித்துச் சிதறியது. வால் முட்கள் கலகலகலவென்று அலறின. செவலை கால் தூக்கி எகிறினாள். சிலும்பன் பின்பக்கம் சாய்ந்தான். வால் முள் ஒன்று அவள் இடுப்பில் ஏறியது. அடுத்த கணம் சிலும்பன் குளத்தில் கிடந்தான். செவலை காட்டின் ஓரம் வரைக்கும் தெறித்து ஓடி, அங்கே நின்று நடுங்கினாள்.

"ரத்தம்!" என்றது அணில்.

நெடுவாலி கண்ணை மூடித் திறந்தாள். "முடிஞ்சுது தம்பி. ஹாஸ்டலுக்குப் போ."

வெடுக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

சிலும்பன் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. சேறும் தண்ணீருமாகச் செவலையிடம் நடந்தான். அவள் இடுப்பில் முள் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அணியில் இனி இடம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த முள்ளை யார் எடுப்பார்கள்?

"கிட்ட வராதே!" என்றாள் செவலை.

"முள்ள மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன்க்கா. இழுத்தா வலிக்கும். திருகி எடுக்கணும். எனக்குத் தெரியும்."

அவள் இடுப்பைத் திருப்பிக் காட்டினாள். அவன் எடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நான் பொய் சொன்னேன்க்கா. எனக்கு எல்லாத்துக்கும் பயம். கௌதாரிக்கே பயம். நீங்க தும்மினப்பவே ஓடிப்போய் ஒளிஞ்சேன்."

செவலை அவனை உற்றுப் பார்த்தாள்.

"கௌதாரிக்கா அந்தச் சத்தம்?"

"ஆமாக்கா."

"அடப்பாவி! கௌதாரி பறந்தத நானும் பாத்தேன்டா. அதுக்கு நான் ஓடல. பயம்னா என்னன்னே தெரியாதவன்னு நீதானே சொன்னே? பயமே தெரியாதவன் அப்படி அலறினா நான் என்ன நெனைப்பேன்? பின்னாடி புலியே வந்துடுச்சுன்னு நெனச்சுத்தான்டா ஓடினேன்!"

சிலும்பனுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முள் எழும்பியது அவனைக் கவிழ்க்கவில்லை. அவன் சொன்ன பொய்தான் கவிழ்த்தது. முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் போட்ட சத்தம் அவளுக்கு வெறும் சத்தமாகவே போயிருக்கும்.

அவன் அழுதான். செவலை அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டு வாய் புல் மேய்ந்தாள். பிறகு மைதானத்துக்கு நடந்து வந்து நெடுவாலியின் முன்னால் நின்றாள்.

"கேப்டன், இவன் திரும்ப ஏறணும்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? ரத்தம் வந்துடுச்சே!"

"முன்சொல் இல்லாம ஏறினா அந்த ஓட்டம் கணக்குல வருமா?"

"வராது."

"இவன் எங்கிட்ட சொன்னது முன்சொல்லே இல்ல, வடிகட்டின பொய். அப்ப இவன் இன்னும் ஏறவே இல்ல. குறுக்க பேசாம கொஞ்சம் தள்ளி நில்லு."

நெடுவாலி தலையைச் சொறிந்தாள். பேச்சில் எங்கோ ஓட்டை இருப்பதாகப் பட்டது. ஆனால் குத்து வாங்கியவளே கேட்கும்போது யார் அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்? விலகி நின்றாள்.

"சொல்லுடா முன்சொல்ல," என்றாள் செவலை.

மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சிலும்பன் சொன்னான்.

"எனக்கு எல்லாத்துக்கும் பயம்க்கா. பயந்தா முள் எழும்பும். அத நிறுத்த எனக்குத் தெரியாது. எழும்பினா கலகலன்னு பெருசா சத்தம் வரும். அது வெறும் சத்தம்தான். பின்னாடி சாஞ்சாத்தான் வால் முள் குத்தும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செவலை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்ப பின்னாடி சாயாம என்ன பண்ணுவே?"

"முன்னாடி குனிஞ்சு..." சிலும்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உங்க கழுத்தக் கட்டிக்கலாமாக்கா? வயித்துல எனக்கு முள் இல்ல."

"அத மொதல்லயே கேக்கறதுக்கு என்னடா? ஏறு!"

அவன் ஏறினான். இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஓடையைக் கடந்தார்கள். குளத்தைச் சுற்றினார்கள். விழுந்த மரத்தை நெருங்கும்போது எங்கோ ஒரு காய்ந்த கிளை மடாரென்று முறிந்தது. முள்ளெல்லாம் எழும்பியது. கலகலகலவென்று காடே அதிர்ந்தது.

"உன் சத்தம்தானே?" என்று ஓட்டத்திலேயே கேட்டாள் செவலை.

"என் சத்தம்தான்க்கா!"

"சரி, கெட்டியாப் பிடி!"

தாண்டினாள். திரும்பி வந்து சேரும் வரைக்கும் சிலும்பன் கலகலத்துக்கொண்டேதான் வந்தான். யாருக்கும் கீறல்கூட விழவில்லை.

அடுத்து வெடுக்கன். கரியன் என்பவன் கன்னங்கரேலென்றிருக்கும் உயரமான குதிரை. அதிகம் பேச மாட்டான். வெடுக்கன் அவன் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தினான்.

"அண்ணே, உங்க பிடரி என்ன அழகு!"

"அது எனக்கே தெரியும். உனக்கு எதுக்குப் பயம்?"

"பயமா? எனக்கா? எங்க பரம்பரை பாம்பையே கிழிக்கிற பரம்பரை!"

"பாம்ப விடு. எதுக்குப் பயம்னு கேட்டேன்."

"எதுக்கும் இல்லண்ணே!"

கரியன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். "பயமே இல்லாதவன ஏத்தினா எனக்குத்தான் பயமா இருக்கு. நீ எப்ப எதுக்கு அலறுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேணாம்."

கூட்டம் சலசலத்தது. நெடுவாலி கையைக் காட்டி அடக்கினாள்.

"வெடுக்கா, குதிரை இன்னும் போகல. உண்மையாச் சொல்ல ஏதாவது இருந்தா இப்பச் சொல்லிடு."

வெடுக்கன் ஓடையைப் பார்த்தான். 'தண்ணி' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கரியன் ஏற்றிக்கொள்வான். அது அவனுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தான். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தான். இத்தனை நாளாகப் பாம்புக் கதை கேட்ட முகங்கள் அவை. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல," என்றான்.

கரியன் மேயப் போய்விட்டான். வெடுக்கன் தோப்பைச் சுற்றிக்கொண்டு தனியாக ஹாஸ்டலுக்கு நடந்தான். எல்லோரும் ஓடையில் இறங்கிப் பேசிக்கொண்டே அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

சிலும்பனுக்கு அந்த ஒரே இடம் கிடைத்தது. அவன் பெரிய வீரனாகிவிட்டான் என்று சொன்னால் அது பொய். மலைக்கு அந்தப் பக்கத்துப் போட்டியில் கடைசி இடத்துக்கு முந்தின இடம்தான் வந்தான். ஆனால் முன்பின் தெரியாத அந்த ஊர்க் குதிரை, அவன் முன்சொல்லைக் கேட்டுவிட்டுக் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது.

நம்மைத் தாங்குகிறவரிடம் நம் பயத்தை முன்பே சொல்லிவிட்டால் அவர் அதையும் சேர்த்துத் தாங்கிக்கொள்வார், மறைத்து வைத்தால் அது அவரையும் நம்மையும் சேர்த்தே கவிழ்த்துவிடும்.